வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒரே ஒன்றியம் (ஊர்ச் சங்கங்களிடம் பால் வாங்கும் மாவட்டக் கூட்டுறவு அமைப்பு), ஒரே விலை. பக்கத்து ஊர் பால் சொசைட்டி நன்றாக நடக்கிறது. எங்கள் ஊரில் மட்டும் ஏன் படுத்துவிட்டது?"

விலையும் ஒன்று, பால் எடுக்கும் வண்டியும் ஒன்று என்கிறீர்கள். அப்படியானால் கோளாறு ஊருக்குள்தான் இருக்கிறது. மாடு, தீவனம், மழை என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். எங்கள் வீட்டிலும் கறவை உண்டு, சில வருடம் எங்கள் ஊர்ச் சங்கத்துக் கணக்கும் பார்த்திருக்கிறேன். நான் பார்த்தவரை ஒரு சங்கம் எழுவதும் விழுவதும் பெரும்பாலும் இரண்டு இடத்தில்தான்: பாலைச் சோதிக்கும் மேஜை, பால் காசு பட்டுவாடா செய்யும் நாள்.

மேஜையை முதலில் பார்ப்போம். வாளியில் எத்தனை லிட்டர் என்பது பாதிக் கணக்குதான். ஆவின் பசும்பாலுக்கு அறிவிக்கும் விலை, 4.3 சதவீதம் கொழுப்பும் 8.2 சதவீதம் எஸ்.என்.எஃப்-உம் (கொழுப்பு நீங்கலான மற்ற சத்துகள்) உள்ள பாலுக்கானது. அதற்குக் கீழே போனால் காசும் குறையும். மாதிரி எடுப்பதற்கு முன் பாலை நன்றாகக் கலக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் மேலே மிதக்கும் கொழுப்பு ஒருவர் கணக்கில் கூடும், இன்னொருவர் கணக்கில் குறையும். பாலின் அடர்த்தியை டிகிரியில் காட்டும் லாக்டோமீட்டரைக் கறந்த சூடு ஆறுவதற்குள் விட்டால், தண்ணீர் சேர்த்ததுபோல டிகிரி குறைச்சலாகத்தான் காட்டும். பாலுக்குள் காற்றுக்குமிழி அடங்கியிருக்காது. ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காதவர் வாளியைப் பார்த்து, நாலு பேர் முன்னால் "என்னக்கா, தண்ணி கொஞ்சம் தூக்கலா இருக்கே" என்று டெஸ்டர் சொன்னால் அந்த அக்கா மறுநாள் வருவாரா? தனியார் வண்டிக்குப் போய்விடுவார். அவரோடு கொழுந்தியாள் வீட்டுப் பாலும் போகும்.

இந்தச் சச்சரவே வேண்டாமென்று சில சங்கங்களில் எல்லாருக்கும் ஒரே சராசரி விலை போட்டுவிடுகிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் சங்கத்தைச் சாய்க்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. கெட்டிப்பால் வைத்திருப்பவர் தரத்துக்கு விலை கொடுக்கும் ஆளைத் தேடிப் போய்விடுவார், தண்ணிப்பால்காரர் மட்டும் தவறாமல் வருவார். சங்கத்தின் சராசரி இறங்கும், ஒன்றியம் கொடுக்கும் விலையும் இறங்கும், மிச்சமிருக்கும் நல்ல பாலும் கழன்றுகொள்ளும். உங்கள் ஊரில் இது நடந்திருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். எங்கள் ஊரில் பால் சோதிக்கும் மெஷின் வந்து, கொழுப்பும் டிகிரியும் அச்சடித்த சீட்டு அவரவர் கையில் கிடைக்க ஆரம்பித்த பிறகுதான் காலைச் சண்டை ஓய்ந்தது. மாடும் தீவனமும் எல்லாம் பழையதுதான்.

அடுத்தது பட்டுவாடா. தவிடு, புண்ணாக்குக் கடைக்காரர் மாசக்கணக்கில் பொறுக்க மாட்டார். லிட்டருக்கு ஒரு ரூபாய் கம்மியானாலும் சொன்ன கிழமையில் காசு வந்தால் ஜனங்கள் சங்கத்தை விட்டுப் போவதில்லை. ஒன்றியத்திலிருந்தே பணம் தாமதமாக வரும் காலங்கள் உண்டு, அதற்குச் செயலாளரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. ஆனால் உள்ளூர் விற்பனைக் காசைக் கையிருப்பாக வைத்து, பாதியாவது பட்டுவாடா செய்து சமாளிக்கும் சங்கங்களும் இருக்கின்றன. பக்கத்து ஊர்க்காரர்கள் அப்படித்தான் ஓட்டுகிறார்களோ என்னவோ. இந்த நேரம் பார்த்துத் தனியார் ஏஜென்ட் மாடு வாங்க முன்பணம் நீட்டுவார். வாங்கிவிட்டால் கடன் தீரும்வரை அந்த வீட்டுப் பால் அவருக்குத்தான்.

இந்த இரண்டும் சரியாக இருந்தாலும் பருவம் ஒரு சோதனை வைக்கும். கோடையில் பால் குறையும்போது தனியார் விலையை ஏற்றுவார்கள், எல்லாரும் அங்கே ஓடுவார்கள். மழை பெய்து பால் பெருகினால் அவர்கள் விலையைக் குறைப்பார்கள், சில நாள் எடுக்கவும் மாட்டார்கள். உடனே மொத்த ஊரும் சொசைட்டி வாசலில் நிற்கும். விற்க முடியாத பாலைச் சங்கம் வாங்கும், விற்கக்கூடிய காலத்தில் அதற்குப் பால் கிடைக்காது. எந்தத் தொழில் இதைத் தாங்கும்?

குஜராத்தில் கேடா மாவட்டக்காரர்களுக்கும் இதே தலைவலிதான். அங்கே பால் வாங்கிவந்த போல்சன் என்ற தனியார் கம்பெனியின் பிடியிலிருந்து விடுபட 1946-ல் திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் ஒன்றியம் அமைத்தார்கள். பம்பாய் பால் திட்டம் நிலையான வாங்குநராக அமைந்தது. ஆனால் குளிர்காலத்தில் எருமைப்பால் பெருகும்போது பம்பாயால் அத்தனையையும் எடுக்க முடியவில்லை. எருமைப்பாலில் பவுடர் வராது என்று பலரும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. ஒன்றியத்தின் பால் தொழில்நுட்ப நிபுணர் தலாயா அதைச் செய்து காட்டினார், 1955-ல் ஆனந்தில் தொழிற்சாலை திறந்தார்கள். மிஞ்சும் பாலுக்கு ஒரு வழி பிறந்த பிறகுதான், உறுப்பினர் கொண்டுவரும் பாலை எந்தக் காலத்திலும் திருப்பி அனுப்பாமல் இருக்க முடிந்தது. அந்த ஒன்றியம்தான் அமுல். அமுல் என்றால் எல்லாரும் குரியனையும் விளம்பரப் பாப்பாவையும்தான் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் அந்தப் பவுடர் ஆலைதான் பெரிய விஷயம்.

அரசியலைச் சொல்லாமல் விட்டால் கமெண்டில் வந்து கேட்பீர்கள். தலைவர் எந்தக் கட்சி என்பதைவிட அவர் வீட்டுப் பால் சொசைட்டிக்கு வருகிறதா என்பதைப் பாருங்கள். மாடே இல்லாதவர் தலைவரானால் அவருக்கு அது ஒரு பதவி, அவ்வளவுதான். விவசாயக் கடன் சங்கங்களில் இந்த அரசியல் நோய் வேறு மாதிரி வரும். 2021-ல் தமிழக அரசு 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. பலருக்கு அது உயிர்த்தண்ணீர், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முந்தின மாதம் நகையை வைத்துக் கடனைக் கட்டியவர் அடுத்த தடவை தவணை தேதியில் வந்து நிற்பாரா?

தனியார் தொழிலுக்கும் இதெல்லாம் பொருந்துமா என்றும் கேட்டிருந்தீர்கள். அளவை, சொன்ன நாளில் பணம், ஓடும் அளவுக்கு வியாபாரம், இதெல்லாம் பலசரக்குக் கடைக்கும் வேண்டியதுதான். வித்தியாசம் ஒன்றுதான்: சங்கத்தில் சரக்கு கொடுப்பவரே முதலாளி. இன்றைக்கே கூடுதல் விலை வேண்டும் என்பார், வருடக் கடைசியில் போனஸும் வேண்டும் என்பார். இரண்டும் ஒரே லாபத்திலிருந்து வரவேண்டும் என்பதைப் பொதுக்குழுவில் கணக்கு வைத்து விளக்கும் செயலாளர் அமைந்தால் உங்கள் ஊர் அதிர்ஷ்டம்.

சங்கத்தை மூடுவதற்கு முன் மூன்று காகிதங்களைக் கேட்டுப் பாருங்கள்: கடைசித் தணிக்கை அறிக்கை, கடைசி மூன்று பட்டுவாடா நடந்த தேதிகள், மாதவாரியாகக் கொள்முதல் செய்த லிட்டர். கோடையில் மட்டும் லிட்டர் விழுந்திருந்தால் சரிசெய்துவிடலாம். மழைக்காலத்திலும் விழுந்திருந்தால் ஜனங்கள் வேறு இடத்தில் நிரந்தரமாக ஊற்ற ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் வீடு வீடாகப் போய் என்ன குறை என்று கேளுங்கள், மெஷின் வாங்குவதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.