சாம்பல் நிறப் படம் அழுக்காகத் தெரிகிறதா?

கேள்வி: டென்மார்க் ஓவியர் ஹாமர்ஷோய் வரைந்த, கறுப்பு உடையில் முதுகு காட்டி நிற்கும் பெண்ணின் படத்தை இறக்கி, கேன்வாஸில் பிரிண்ட் போட்டேன். ஹாலில் மாட்டினால் அழுக்குப் படிந்ததுபோல் இருக்கிறது. பிரைட்னஸைக் கூட்டி மறுபடி போடலாமா?

பதில்: வேண்டாம். கூட்டினால் அழுக்கு போகாது, படம்தான் போகும்.

வில்ஹெல்ம் ஹாமர்ஷோய் (1864–1916) கோபன்ஹேகனில் ஸ்ட்ராண்ட்கேட் 30ஆம் எண் வீட்டில் 1898 முதல் 1909 வரை குடியிருந்தார். நீங்கள் சொல்லும் படமும் அந்தக் காலத்ததாக இருக்கலாம். அவர் படங்களில் முதுகு காட்டி நிற்பவர் பெரும்பாலும் மனைவி இடா. வண்ணங்கள் குறையக் குறையப் படம் நன்றாக வரும் என்பது அவர் கட்சி. அதனால் அவருடைய சாம்பல் வெறும் கறுப்பு வெள்ளைக் கலவை அல்ல. ஒரு பக்கம் நீலம் சாயும், இன்னொரு பக்கம் பழுப்பு சாயும். இந்த நூலிழை வித்தியாசத்தைத்தான் உங்கள் பிரிண்ட் விழுங்கிவிட்டது.

கேன்வாஸின் சொரசொரப்பில் மெல்லிய நிறமாற்றங்கள் மங்கும். பளபளப்பில்லாத (மேட்) காட்டன் பேப்பரில் போடுங்கள். கறுப்பு மையோடு சாம்பல் மைகளும் தனியாக உள்ள பிரிண்டரா என்று கடையில் கேளுங்கள். வண்ண மைகளை மட்டும் கலந்து எடுக்கும் சாம்பல், பகலில் ஒன்றாகவும் இரவு விளக்கில் பச்சையாகவும் தெரியக்கூடும். முழுப் படத்துக்கும் காசு கொடுக்குமுன் உள்ளங்கை அளவு டெஸ்ட் பிரிண்ட் வாங்குங்கள். எந்தத் துண்டு? பிடரியும் உடையின் கழுத்தோரமும் சேரும் இடம். படத்தின் உயிரே அந்த வெளுத்த பிடரிதான். அது மஞ்சளடித்தாலோ, உடை ஒரே கறுப்புத் திட்டாக இருந்தாலோ, தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

அப்புறம் உங்கள் சுவர். அது மஞ்சள் என்றால் பாதிக் குற்றம் அதன் மேல்தான். மஞ்சளுக்குப் பக்கத்தில் எந்தச் சாம்பலும் நீலம் பாரித்துத் தெரியும். சுவரை மாற்ற முடியாவிட்டால், படத்தைச் சுற்றி மூன்று விரல் அகலத்துக்கு மங்கிய வெள்ளை அட்டை (மவுண்ட்) வைத்து ஃபிரேம் போடுங்கள். விளக்கு 3000 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு), சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90க்கு மேல் இருக்கட்டும்.

கண்ணாடி போடுவதானால் ஜன்னலுக்கு நேர் எதிரே மாட்டாதீர்கள். அந்தக் கறுப்பு உடையில் உங்கள் ஜன்னல் கம்பிதான் தெரியும்.