குடும்ப டாக்டர் கேட்கும் ஆண்டுச் சந்தா: கட்டலாமா?

கேள்வி: அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். கம்பெனி இன்ஷூரன்ஸ் உண்டு. எங்கள் குடும்ப டாக்டர், ஜனவரியிலிருந்து ஆளுக்கு 1,800 டாலர் ஆண்டுச் சந்தா கட்டினால்தான் பார்ப்பேன் என்று கடிதம் அனுப்பியிருக்கிறார். இன்ஷூரன்ஸ் இருக்கும்போது இது எதற்கு?

பதில்: கடிதத்தில் முதலில் ஒரு விஷயத்தைத் தேடுங்கள். சந்தா வாங்கிக்கொண்ட பிறகும் உங்கள் இன்ஷூரன்ஸுக்கு பில் போடுவாரா?

போடுவார் என்றால் அது ‘கன்சியர்ஜ்’ முறை. கோ-பே (ஒவ்வொரு தடவையும் நீங்கள் கட்டும் தொகை), டிடக்டிபிள் (இன்ஷூரன்ஸ் கொடுக்கத் தொடங்குமுன் உங்கள் கையிலிருந்து போகும் தொகை) எல்லாம் பழையபடி இருக்கும்; அதற்கு மேல்தான் சந்தா. அந்த 1,800 டாலர் டிடக்டிபிளில் கழியாது. ஆண்டுக்கு மூன்று தடவை போகிறவருக்குத் தடவைக்கு 600 டாலர் கூடுதல் செலவு. பதிலுக்குக் கிடைப்பது டாக்டரின் நேரம்: கூப்பிட்ட அன்றோ மறுநாளோ அப்பாயின்ட்மென்ட், அரை மணி நேரப் பேச்சு, போனில் நேரடிப் பதில். சர்க்கரை, இதய நோய், ஏழெட்டு மாத்திரை என்று அடிக்கடி போகிறவருக்கு இது பிரயோஜனப்படும். திடமாக இருக்கும் நாற்பது வயதுக்காரருக்கு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

‘ஆண்டு முழு உடல் பரிசோதனை இலவசம்’ என்று கடிதத்தில் பெரிதாகப் போட்டிருந்தால் மயங்காதீர்கள். நெட்வொர்க்குக்குள் இருக்கும், அதாவது உங்கள் இன்ஷூரன்ஸோடு ஒப்பந்தம் உள்ள டாக்டரிடம் வருடாந்திரத் தடுப்புப் பரிசோதனைக்குப் பெரும்பாலான கம்பெனி பிளான்களில் இப்போதே கோ-பே கிடையாது. (அந்தச் சமயத்தில் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டால் தனி பில் வரலாம், அது வேறு.)

இன்ஷூரன்ஸுக்கு பில்லே போடமாட்டார் என்றால் அது ‘டைரக்ட் பிரைமரி கேர்’. பெரும்பாலும் மாதம் 50 முதல் 150 டாலர். டாக்டரைப் பார்ப்பது அதிலேயே அடக்கம். ஸ்கேன், ஸ்பெஷலிஸ்ட், ஆஸ்பத்திரிச் செலவு அடங்காது. ஆகவே இன்ஷூரன்ஸை விட்டுவிடக் கூடாது. 2026 ஜனவரி 1 முதல் இந்தச் சந்தாவை ஹெச்.எஸ்.ஏ. என்ற வரிச் சலுகையுள்ள மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்தே கட்டலாம், ஒருவருக்கு மாதம் 150, குடும்பத்துக்கு 300 டாலர் வரை. வரம்பைத் தாண்டினால் அந்தக் கணக்கில் பணம் போடும் தகுதியே போய்விடும். இன்ஷூரன்ஸுக்கும் பில் போடும் கன்சியர்ஜ் டாக்டருக்கு இந்தச் சலுகை பொருந்தாது.

கையெழுத்துப் போடுமுன் எழுத்தில் வாங்க வேண்டியவை: நடுவில் விலகினால் மீதிப் பணம் வருமா, சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுமா, டாக்டர் விடுப்பில் போனால் யார் பார்ப்பார்கள். கார்டின் பின்புறமுள்ள எண்ணுக்கு போன் செய்து, நெட்வொர்க் டாக்டர் இப்படிக் கட்டாயச் சந்தா கேட்கலாமா என்று இன்ஷூரன்ஸ்காரர்களிடமும் கேளுங்கள். சில ஒப்பந்தங்கள் இதை அனுமதிப்பதில்லை.

கட்டுவதில்லை என்று முடிவெடுத்தால் ஜனவரி வரை காத்திருக்காதீர்கள். புது டாக்டரிடம் முதல் அப்பாயின்ட்மென்டுக்கே பல வாரம் ஆகும். இப்போதே பதிவு செய்துவிட்டு, பழைய டாக்டரிடம் 90 நாள் மாத்திரைக்கு ரீஃபில் வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவப் பதிவேடுகளை எழுதிக் கேளுங்கள். பொதுவாக 30 நாளுக்குள் தர வேண்டும் என்பது சட்டம். உங்களுடையது ஹெச்.எம்.ஓ. பிளான் (குடும்ப டாக்டர் வழியாகத்தான் ஸ்பெஷலிஸ்டிடம் போக வேண்டிய வகை) என்றால் இன்ஷூரன்ஸ் கணக்கிலும் டாக்டர் பெயரை மாற்றுங்கள். பழைய பெயரே இருந்தால் புது டாக்டர் எழுதும் ரெஃபரல் (ஸ்பெஷலிஸ்டிடம் அனுப்பும் பரிந்துரை) செல்லாமல் போய், ஸ்பெஷலிஸ்ட் பில் முழுதும் உங்கள் தலையில் விழலாம்.