இரண்டு பக்கமும் ஆடலாமா?

வணக்கம் சார்,

டென்வரில் இருக்கிறோம். கொலராடோ பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணிக்கு ட்ராவிஸ் ஹன்டர் ஆடிய இரண்டு சீசனையும் மகனோடு உட்கார்ந்து பார்த்தேன். தன் அணி தாக்கும்போது (அஃபென்ஸ்) வீசும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர், தடுக்கும்போது (டிஃபென்ஸ்) எதிரணி ரிசீவரை மறிக்கும் கார்னர்பேக். மகன் சொக்கிப்போனான். எனக்கோ ஒரு பையனை இப்படிப் பிழிவது அநியாயமாகப் பட்டது. 2025-ல் முழங்கால் அறுவை சிகிச்சை வரை போய்விட்டது. கல்லூரியிலேயே தடுத்திருக்க வேண்டாமா? ஒரே பக்கம் ஆடியிருந்தால் இன்னும் பெரிய ஆளாகியிருப்பார் இல்லையா? என் மகனும் பள்ளி அணியில் இரண்டு பக்கமும் ஆடப்போவதாகச் சொல்கிறான்.

எம்.

அன்புள்ள எம்.,

தடுத்திருக்க வேண்டியதில்லை. குறைத்திருக்க வேண்டும்.

ஒருகாலத்தில் எல்லோருமே இரண்டு பக்கமும் ஆடினார்கள். வெளியே போனவர் நினைத்தபடி திரும்பி வர முடியாது என்பதால் வேறு வழியில்லை. கல்லூரி ஆட்டத்தில் ஆள் மாற்றும் விதி 1941-ல் தளர்ந்தது. 1945-ல் மிச்சிகன் பயிற்சியாளர் ஃப்ரிட்ஸ் கிரைஸ்லர், பலமான ஆர்மி (அமெரிக்க ராணுவக் கல்லூரி) அணியைச் சமாளிக்கத் தாக்குவதற்கு ஒரு கூட்டம், தடுப்பதற்கு ஒரு கூட்டம் என்று பிரித்து இறக்கினார். அன்று தோற்றார், ஆனால் யோசனை நிலைத்துவிட்டது. 1953-ல் விதியை மறுபடி இறுக்கி, அறுபதுகளின் நடுவில் முழுக்கத் திறந்துவிட்டார்கள். ஆக, ஹன்டர் செய்தது மனித உடலுக்கு மீறிய காரியமில்லை. நமக்குப் பார்த்துப் பழக்கம் விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான்.

ஒரே பக்கம் என்றால் எந்தப் பக்கத்தை விடச் சொல்வீர்கள்? 2024-ல் அவர் பிடித்த பந்துகள் 96, அவற்றால் முன்னேறிய கஜம் 1,258, எதிரணியின் கோட்டைத் தாண்டி எடுத்த டச் டவுன் 15. தடுப்பில் 4 இன்டர்செப்ஷன், அதாவது எதிரணி வீசிய பந்தை இடையில் பறித்தது. சிறந்த ரிசீவருக்கான பிலெட்னிகாஃப் விருது, சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான பெட்னாரிக் விருது, எல்லாவற்றுக்கும் மேலாக ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை, மூன்றும் ஒரே ஆண்டில். இரண்டும் ஒன்றுக்கொன்று உதவும் இடங்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரிசீவர் எப்படி ஏமாற்றப் பார்ப்பான் என்பது இன்னொரு ரிசீவருக்குத்தானே தெரியும்?

சரி, விலை என்ன? ஒரு ப்ளே, அதாவது பந்தை எடுத்து ஆடும் ஒரு முயற்சி, சில நொடிகளில் முடிந்துவிடும், அடுத்ததற்குள் கொஞ்சம் மூச்சு வாங்கலாம். போவது பெஞ்சில் உட்காரும் நேரம். தன் அணியின் இன்னொரு பாதி ஆடும்போது மற்றவர்கள் தண்ணீர் குடித்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று பயிற்சியாளரோடு பேசிக்கொண்டிருப்பார்கள். ஹன்டருக்கு அது இல்லை. அந்தச் சீசனில் 1,400-க்கும் மேற்பட்ட ப்ளே ஆடினார், சொந்த மைதானமோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில். எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது வாரநாட்களின் கணக்கு. கல்லூரி விளையாட்டு விதிப்படி சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் பயிற்சி. அதற்குள் இரண்டு ப்ளேபுக் (ஆட்டத் திட்டங்களின் தொகுப்பு), இரண்டு மீட்டிங்.

காயங்களை எடுத்துக்கொண்டால், 2023 செப்டம்பரில் கொலராடோ ஸ்டேட் ஆட்டத்தில் கல்லீரல் கிழிந்தது ரிசீவராக ஓடும்போது, அதுவும் விதிமீறிய மோதலில். ரிசீவராக மட்டும் ஆடியிருந்தாலும் நடந்திருக்கும். 2025 அக்டோபர் முழங்கால் காயம், கல்லூரிக்குப் பின் சேர்ந்த ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் என்ற தொழில்முறை அணியின் பயிற்சியில், யாரும் மோதாமலே வந்தது. இரட்டை வேலைதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் 2024 அக்டோபரில் கான்சாஸ் ஸ்டேட் ஆட்டத்தில் தோள் அடிபட்டு அவர் வெளியேறியபோது கொலராடோ ஒரே நேரத்தில் ரிசீவரையும் கார்னரையும் இழந்தது. தோற்றது மூன்று புள்ளியில்!

நானாக இருந்தால் கார்னராக முழு ஆட்டமும் ஆடவிட்டு, ரிசீவராக முக்கியமான இருபத்தைந்து முப்பது ப்ளேக்கு மட்டும் அனுப்பியிருப்பேன். ரிசீவர் ஒருவர் உட்கார்ந்தால் பந்து வேறு ஆளுக்குப் போகும். கார்னர் உட்கார்ந்தாலோ எதிரணி அடுத்த ப்ளேயிலேயே அந்த இடத்தைக் குறிவைக்கும். ஜாகுவார்ஸ் இதைத் தலைகீழாகச் செய்தார்கள், பெரும்பாலும் ரிசீவராகவே இறக்கினார்கள். எனக்கு அது புரியவேயில்லை.

கொலராடோவில் குறைக்கச் சொல்ல ஆள் இல்லாததுதான் சிக்கல். பையனுக்கோ ஆசை, அணிக்கோ தேவை. பயிற்சியாளர் டீயான் சாண்டர்ஸோ, 1996-ல் டல்லாஸ் கௌபாய்ஸ் என்ற தொழில்முறை அணிக்குக் கார்னராகவும் ரிசீவராகவும் ஆடியவர், பேஸ்பாலும் ஆடியவர். அவர் வாயிலிருந்து ‘போதும்’ என்று எப்படி வரும்? 2024 பேய்லர் ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில், கோல் கோட்டருகே ஹன்டர் எதிரணிக்காரர்மேல் மோதிப் பந்தை நழுவவைத்துத்தான் கொலராடோ ஜெயித்தது. அப்படி ஒருவனை உட்காரவைக்க யாருக்கும் மனசு வராது.

உங்கள் மகன் விஷயத்தில் பயம் வேண்டாம். சிறிய பள்ளிகளில் ஆள் பற்றாக்குறையால் இரண்டு பக்கமும் ஆடுவது சாதாரணம். கோச்சிடம் இரண்டு கேளுங்கள்: முழு வேகத்தில் மோதும் பயிற்சி வாரத்தில் எத்தனை நாள், களைத்துப்போனாலோ தலையில் அடிபட்டாலோ அவனை வெளியே இழுக்கும் அதிகாரம் யாருக்கு. இரண்டாவது கேள்விக்கு ‘அவனே சொல்லுவான்’ என்று பதில் வந்தால், ஒரு பக்கம் ஆடவும் அனுப்பாதீர்கள்.