யாழ்ப்பாணத்தில் கலப்பில்லாத ஊர்க்கோழி எங்கே வாங்கலாம்? இனம் அழியாமல் பெருக்குவது எப்படி?

முதலில் அந்தக் 'கலப்பில்லாத' என்ற சொல்லைக் கழற்றி வைத்துவிடுங்கள். ஊர்க்கோழிக்குச் சாதகக் குறிப்பு கிடையாது. நாம் பெருமையாகக் காட்டும் மஞ்சள் காலே கலப்பில் வந்ததுதான். வீட்டுக்கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. ஆனால் மஞ்சள் தோலுக்கான மரபணு இந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். நிறத்தையும் கொண்டையையும் பார்த்து அசல், போலி என்று பிரிக்கப் போனால் ஏமாறுவீர்கள். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: பேடு தானாக அடைக்கு இருந்து, பொரித்து, குஞ்சுகளைக் காகத்துக்கும் பருந்துக்கும் கொடுக்காமல் வளர்க்கிறதா? வருடம் முழுக்க முட்டையிடும் பண்ணைக் கோழிகளில் இந்தக் குணத்தைக் கழித்தே இனம் எடுத்திருக்கிறார்கள். பத்துப் பதினைந்து முட்டையோடு நிறுத்திக் கொக்கரித்துக்கொண்டு கடகத்தில் போய்ப் படுக்கிற கோழிதான் நமக்கு வேண்டியது.

சந்தையில் வாங்காதீர்கள். பட்டுத்தான் சொல்கிறேன். தொடங்கிய வருடம் ஒரு சந்தையில் செங்கறுப்புச் சேவல் ஒன்றைக் கண்டு மயங்கி, நேரே கொண்டுவந்து கூட்டுக்குள் விட்டேன். ஐந்தாம் நாள் பச்சையாகக் கழிந்தது; பிறகு கழுத்தைத் திருகிக்கொண்டு நின்றது. அந்தக் கிழமைக்குள் பத்தொன்பது உருப்படிகள் போய்விட்டன. ராணிக்கெட் என்ற தொற்றுநோய். தடுப்பூசியைத் தள்ளிப்போட்டது என் பிழை. இப்போது எந்தக் கோழி வந்தாலும் மூன்று கிழமை வளவின் அடுத்த மூலையில் தனியாகத்தான் இருக்கும்; அதற்குத் தண்ணீர் வைத்த கையோடு மற்றக் கூட்டுக்குப் போவதில்லை.

அதைவிட நல்ல வழி, கோழியை விட்டு முட்டையை வாங்குவது. அதை எனக்குச் சொல்லித்தந்தது மட்டுவிலில் ஓர் ஆச்சி. அவரிடம் கழுத்தில் இறகில்லாத பேடு ஒன்று நின்றது. விலை கேட்டேன்.

"கோழி தரமாட்டன் தம்பி. முட்டை வேணுமெண்டா கொண்டு போ. பொரிச்சா உன்ர அதிட்டம்."

பதினொரு முட்டை தந்தார். உமி நிரப்பிய பெட்டியில் கூர்முனை கீழே இருக்க அடுக்கி, மோட்டார் சைக்கிளில் மெதுவாகக் கொண்டுவந்தேன். வந்தவுடன் அடை வைக்கக்கூடாது. குலுங்கிய முட்டையை ஒருநாள் அப்படியே ஆற விட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே காற்றறை கலங்கிப் பொரிப்பது குறையும். நம் வெக்கைக்கு இட்டு ஐந்து நாளுக்கு மேற்பட்ட முட்டையை நான் எடுப்பதில்லை. அடைக்கோழிக்குக் கீழே, வழக்கப்படி ஒரு கரித்துண்டும் ஆணியும் சேர்த்து வைத்தேன். இடி முழங்கினால் முட்டை கெட்டுவிடும், கரியும் இரும்பும் காக்கும் என்பது அம்மாவின் நம்பிக்கை. எனக்கு அம்மாவோடு சண்டை பிடிக்க நேரமில்லை. ஏழாம் நாள் இரவு டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது எட்டில் நரம்பு ஓடியிருந்தது. இருபத்தோராம் நாள் ஏழு குஞ்சுகள்.

கழுத்து இறகில்லாக் கோழி பற்றி ஒரு விஷயம். பெரியதானதும் கழுத்தடியில் சின்னக் குஞ்சம் மிஞ்சியிருந்தால் அது ஒற்றை மரபணுக்காரன், அதாவது தாய் தகப்பனில் ஒருவரிடமிருந்து மட்டும் மொட்டை மரபணு வந்தது; முழுதும் மொட்டை என்றால் இரட்டை, இருவரிடமிருந்தும் வந்தது. குஞ்சம் உள்ள இரண்டைச் சேர்த்தால் சராசரிக்கு நாலில் ஒன்று முழு மொட்டை, இரண்டு குஞ்சம், ஒன்று சாதாரணம். உடம்பிலும் இறகு குறைவு என்பதால் வெயிலைத் தாங்கும். அயலவர் வருத்தம் பிடித்த கோழி என்பார்கள், கண்டுகொள்ளாதீர்கள்.

இனி முக்கியமான இடம். ஊர்க்கோழி அழிவது பேடு இல்லாமல் இல்லை, சேவல் இல்லாமல். விருந்தாளி வந்தால் முதலில் சட்டிக்குப் போவது சேவல்தான். பத்துப் பேட்டுக்கு ஒரு சேவல் போதும் என்பதும் முட்டைக்குச் சரியான கணக்கு. இனத்துக்கு அது பிழை. இனத்தின் பலத்தைத் தலைகளை எண்ணிப் பார்ப்பதில்லை: சேவல் எண்ணிக்கையையும் பேட்டு எண்ணிக்கையையும் பெருக்கி, நாலால் பெருக்கி, மொத்தத் தலைகளால் வகுப்பார்கள். ஒரு சேவல், பத்துப் பேடு என்றால் வருவது நாலுகூட இல்லை. மூன்று சேவல் என்றால் ஒன்பது தாண்டும். ஒரே சேவல் என்றால் அடுத்த தலைமுறை முழுக்க ஒரு தகப்பன் பிள்ளைகள். நானும் அழகான ஒரு சேவலை நாலு வருடம் வைத்திருந்தேன். பொரிக்கும் எண்ணிக்கை வருடா வருடம் குறைந்தது, விரல் கோணிய குஞ்சுகள் வந்தன. தீனியில்தான் பிழை என்று தவிட்டை மாற்றிக்கொண்டிருந்தேன்!

இப்போது மூன்று கூடு. ஒன்றில் மட்டுவில் வழி, ஒன்றில் புங்குடுதீவு, மற்றதில் வடமராட்சி. பேட்டுக்குஞ்சு பிறந்த கூட்டிலேயே நிற்கும். சேவற்குஞ்சு வளர்ந்ததும் அடுத்த கூட்டுக்குப் போகும்: முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு, இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு, அங்கிருந்து திரும்ப முதலாவதுக்கு. சேவலை மாற்றிய பிறகு மூன்று கிழமை முட்டையை அடை வைக்காமல் சாப்பிட்டுவிடுங்கள்; பழைய சேவலின் விந்து பேட்டின் வயிற்றுக்குள் அவ்வளவு நாள் தங்கும். குஞ்சுகளை அடையாளம் வைக்க மகளின் கியூடெக்ஸ்: நகத்தில் சிவப்பு, நீலம், வெள்ளை. உரிந்து போவதற்குள் திரும்பப் பூசுவேன், பெரியதானதும் காலில் வளையம்.

வன்னிக் காட்டுக்கோழியைப் பிடித்துக் கலந்தால் வீரியம் வரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது இலங்கைக்கே உரிய வேறு இனம், நாட்டின் தேசியப் பறவை. பிடிப்பது சட்டவிரோதம், கலப்புக் குஞ்சுகளும் பெரும்பாலும் நன்றாகப் பெருகாது.

கடைசியாக, எல்லாவற்றையும் ஒரே வளவில் வைக்காதீர்கள். 1995இல் போரால் இடம்பெயர்ந்தபோது கூட்டைத் திறந்துவிட்டுத்தான் போனோம். திரும்பி வந்தபோது ஒரு செட்டைகூட இல்லை. பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தவை எல்லாம் தென்மராட்சிச் சொந்தக்காரர் தந்த கோழிகள். அதனால் ஒவ்வொரு வருடமும் நாலைந்து வீட்டுக்குக் குஞ்சு கொடுக்கிறேன். போன மாரியில் மட்டுவில் ஆச்சியின் கோழிகள் நோயில் போய்விட்டன என்று கேள்விப்பட்டு, அவருடைய வழியில் வந்த நாலு பேட்டுக்குஞ்சுகளைக் கரப்பில் போட்டுக் கொண்டுபோனேன். ஒவ்வொன்றாகத் தூக்கிக் கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"சேவல் எங்க தம்பி? கறி வைச்சிட்டியோ?"

அதைப் புங்குடுதீவுக் கூட்டிலிருந்து அடுத்த கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன்.