ஹியூகனாட் குடும்பங்களின் வழித்தோன்றல்களைத் தேடுதல்: கேள்வி பதில்

பிரான்சின் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த புராட்டஸ்டன்ட் கிறித்தவர்களே ஹியூகனாட்டுகள். 1598ஆம் ஆண்டின் நான்ட் ஆணை அவர்களுக்கு அளித்த வழிபாட்டுரிமையை, 1685இல் பதினான்காம் லூயி மன்னர் பறித்தார். அவர்களுள் அமெரிக்கக் குடியேற்றங்களை அடைந்தவர்களின் வம்சாவளி குறித்து வாசகர்கள் கேட்டிருப்பவற்றுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி: என் கணவரின் தாய்வழி முன்னோர் நியூயார்க்கைச் சேர்ந்த நியூ பால்ட்ஸ் ஊரார். 1685க்குப் பிறகு பிரான்சிலிருந்து நேரே வந்ததாக வீட்டில் சொல்கிறார்கள். பிரெஞ்சு ஆவணங்களிலிருந்து தொடங்கலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. நியூ பால்ட்ஸ் நிலத்துக்கான பட்டயத்தை ஆளுநர் எட்மண்ட் ஆன்ட்ரோஸ் 12 பேருக்கு வழங்கியது 1677இல். அவர்கள் அங்கே குடியேறியது 1678இல். அதாவது, நான்ட் ஆணை ரத்தாவதற்கு ஏழாண்டுகள் முன்பே அந்த ஊர் இருந்தது. அந்தப் பன்னிருவருள் ஒருவரான லூயி டுபுவா, அன்று ஸ்பெயின் அரசரின் ஆட்சியில் இருந்த லீல் நகர்ப் பகுதியில் பிறந்து, ஜெர்மானியப் பாலட்டினேட் நாட்டின் மன்ஹைமில் சில காலம் வாழ்ந்த பின்னரே கடல் கடந்தார். புகலிடம் தந்த அந்த நாட்டின் பெயரையே (ஜெர்மன் மொழியில் ‘ஃபால்ட்ஸ்’), நன்றி மறவாமல், புதிய ஊருக்கும் சூட்டினார்கள். ஆகவே உங்கள் கணவரின் பாட்டியிடமிருந்து தொடங்கி, தலைமுறை தலைமுறையாக, ஒவ்வொரு கண்ணிக்கும் ஓர் ஆவணம் கையில் இருக்கும்படி பின்னோக்கிச் செல்லுங்கள். பிரான்சுக்குப் போவது கடைசிப் படியாக இருக்கட்டும்.

கேள்வி: ஒரே ஆளின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கிறது. மூவரும் ஒருவரே என்று எப்படி உறுதி செய்வது?

பதில்: மிகப் பலர் இடறி விழும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். நியூ பால்ட்ஸ் சபையை 1683இல் பியேர் டையே என்ற போதகர் நிறுவினார். அதன் பதிவேடு பிரெஞ்சில் தொடங்கி, பிறகு டச்சுக்கு மாறி, இறுதியில் ஆங்கிலத்தில் முடிகிறது. போதகர் இல்லாத காலங்களில் குழந்தைகளை வடக்கே கிங்ஸ்டனில் இருந்த டச்சுத் தேவாலயத்துக்குக் கொண்டுசென்று ஞானஸ்நானம் பெற்றார்கள். 1660இல் தொடங்கும் அந்தப் பதிவேட்டையும் பார்க்காமல் குடும்பம் முழுமையாகக் கிடைக்காது. பிரெஞ்சுப் போதகர் ‘பியேர்’ என்று எழுதியவரை டச்சுக்காரர் ‘பீட்டர்’ என்றும், ‘ஷான்’ என்பவரை ‘யான்’ என்றும் எழுதினார்கள். குடும்பப் பெயர்களிலும் ‘துவயோ’ ‘டேயோ’ ஆயிற்று. ‘ஃப்ரேர்’ ‘ஃப்ரீர்’ ஆயிற்று.

பெயரை நம்பாமல் உறவை நம்புங்கள் என்பதே என் அறிவுரை. டச்சு வழக்கத்தில் மணமான பெண்ணும் பிறந்த வீட்டுப் பெயராலேயே பதியப்பட்டாள். தாயின் குடும்பத்தை அறிய இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. ஞானஸ்நானச் சாட்சிகளும் பெரும்பாலும் பெற்றோரின் உடன்பிறந்தாரோ தாத்தா பாட்டியோதான். நியூ பால்ட்ஸின் ஹாஸ்ப்ரூக் குடும்பத்தில் ஏப்ரஹாம் என்ற பெயர் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்து மலைப்பவர்கள், ஒவ்வோர் ஏப்ரஹாமின் மனைவியையும் சாட்சிகளையும் தனித்தனியே எழுதி ஒப்பிட்டால் பெரும்பாலான சிக்கல்கள் அவிழ்ந்துவிடும்.

கேள்வி: ஒரு பிறப்புக்கு இரு வேறு ஆண்டுகள் காணப்படுவது பிழையா?

பதில்: பெரும்பாலும் இல்லை. 1752 வரை ஆங்கிலேயக் குடியேற்றங்களில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. அதனால் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் முந்தைய ஆண்டோடு சேர்த்து எண்ணப்பட்டன. அம்மாதத் தேதிகளை ஆவணத்தில் உள்ளபடியே முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் குடும்பப் பெயர் பிரெஞ்சுப் பெயர்போல் ஒலிக்கவில்லை. அப்படியானால் நாங்கள் ஹியூகனாட் வழியினர் அல்லவா?

பதில்: ஒலியை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது, ஐயா. அமெரிக்க விடுதலைப் போராட்ட வீரரான பாஸ்டனின் பால் ரெவியர், அப்போலோ ரிவ்வார் என்ற ஹியூகனாட் பொற்கொல்லரின் மகன். மறுபுறம், பிரெஞ்சுப் பெயர் கொண்டவர்கள் இன்றைய கனடாவின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்து, 1755இல் அந்த மண்ணிலிருந்து துரத்தப்பட்ட கத்தோலிக்க அகாடியர்களாகவும் இருக்கலாம்.

கேள்வி: தென் கரோலினாவுக்கு வந்தவர்களின் கப்பல் பட்டியல் கிடைக்குமா?

பதில்: 1680இல் ‘ரிச்மண்ட்’ என்ற கப்பல் ஹியூகனாட்டுகளைச் சார்ல்ஸ்டனுக்குக் கொண்டுவந்தது. ஆயினும் பயணிகள் பட்டியலை முறையாகக் கேட்கும் சட்டம் 1820இல்தான் நடைமுறைக்கு வந்தது என்பதால், அதற்கு முந்தைய பட்டியல்கள் அரிது. அதைவிட மேலான ஆவணம் ஒன்று உண்டு. ஆங்கிலேயக் குடியுரிமை வேண்டிய பிரெஞ்சு, சுவிஸ் அகதிகளின் பட்டியல் 1690களில் தயாரிக்கப்பட்டது. அதில் பெற்றோர், பிறந்த ஊர், மனைவி, மக்கள் என எல்லாம் பதிவாகியுள்ளன. அதைத்தான் முதலில் தேட வேண்டும்.

கேள்வி: என் மருமகள் கறுப்பினத்தவர். அவருடைய முன்னோர் நியூ பால்ட்ஸில் அடிமைகளாக இருந்தவர்கள். அவர்களைத் தேட வழி உண்டா?

பதில்: உண்டு. மதக் கொடுமைக்குத் தப்பி வந்த அந்தக் குடும்பங்களே மனிதர்களை உடைமையாக வைத்திருந்தன என்பதை மறைத்து எழுதிய வம்சாவளி எதுவும் முழுமையானதன்று. உரிமையாளர்களின் உயில்களிலும் சொத்துப் பட்டியல்களிலும் அடிமைகள் பெரும்பாலும் முதற்பெயரால் மட்டும், சில இடங்களில் விலையோடும் குறிக்கப்பட்டுள்ளனர். நியூயார்க்கின் 1799ஆம் ஆண்டுச் சட்டப்படி, அவ்வாண்டு ஜூலை 4க்குப் பிறகு அடிமைத் தாய்க்குப் பிறந்த குழந்தையை உரிமையாளர் ஊர் எழுத்தரிடம் பதிய வேண்டியிருந்தது. அந்தப் பதிவில் முதற்பெயரைக் கண்டெடுத்து, 1827இல் அடிமைமுறை ஒழிந்த பின் வந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விடுதலை பெற்றவர்கள் உரிமையாளரின் குடும்பப் பெயரை ஏற்றதும் உண்டு, வேறு பெயர் பூண்டதும் உண்டு. எனவே இரண்டையும் தேடுங்கள்.