கடை கம்ப்யூட்டர்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால், டேலி, எக்செல், போட்டோ என்று எல்லா ஃபைல் பெயருக்குப் பின்னாலும் ஏதோ எழுத்துகள் ஒட்டியிருக்கின்றன. எதுவும் திறக்கவில்லை. பிட்காயினில் பணம் கேட்டு ஒரு குறிப்பு இருக்கிறது. தினமும் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்கில் பேக்கப் எடுத்தோம். அதுவும் இப்படியே ஆகிவிட்டது. கணக்கு பார்க்கும் தம்பி புனலூரில் இருந்தபடியே எங்கள் கம்ப்யூட்டரில் வேலை செய்வார். என்ன செய்வது?
– மரக்கடைக்காரர், செங்கோட்டை

பதில்: இது ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் புரோகிராம். முதலில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். அவசரப்பட்டு ஃபார்மட் அடிக்க விடாதீர்கள். பூட்டப்பட்ட ஃபைல்களில் ஏதாவது இரண்டையும் அந்தக் குறிப்பையும் வெற்று பென் டிரைவ் ஒன்றில் எடுத்து, வேறு கம்ப்யூட்டரில் இருந்து ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில் ஏற்றிப் பாருங்கள். ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து போலீஸும் சேர்ந்து 2016-ல் தொடங்கிய இலவச சேவை அது. சில வகைப் பூட்டுகளுக்கு அங்கே சாவி கிடைக்கும், எல்லாவற்றுக்கும் கிடைக்காது. கிடைக்காவிட்டாலும் அந்த டிஸ்கை எறியாதீர்கள். பல மாதம் கழித்துச் சாவி வெளிவந்த வகைகள் உண்டு. பணம் கட்ட வேண்டாம். கட்டினாலும் சாவி தருவார்கள் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள்.

பேக்கப் ஏன் போயிற்று? டிஸ்க் இரவும் பகலும் செருகியபடியே இருந்திருக்கும். விண்டோஸுக்கு அதுவும் ஒரு டிரைவ்தான். உங்களால் எழுத முடிகிற இடத்தில் எல்லாம் அந்தப் புரோகிராமும் எழுதும்.

இனி இரண்டு டிஸ்க் வாங்குங்கள். திங்கள், புதன், வெள்ளி ஒன்று; செவ்வாய், வியாழன், சனி மற்றொன்று. சிறு கடையின் டேலி டேட்டா சில நூறு எம்பிதான் வரும், பெரிய டிஸ்க் தேவையில்லை. கடை சாத்தும் முன் டேலி பிரைமில் ஆல்ட்+ஒய் அழுத்தி பேக்கப் எடுங்கள். முடிந்ததும் ‘எஜெக்ட்’ கொடுத்து, கேபிளைக் கழற்றி, அன்றைய டிஸ்கை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். கழற்றாத டிஸ்க் பேக்கப் ஆகாது. கூகுள் டிரைவை மட்டும் நம்புவதும் சரியில்லை. தானாக ஒத்திசையும் ஃபோல்டராக இருந்தால், பூட்டப்பட்ட ஃபைலும் மேலே போய் நல்லதன் இடத்தில் உட்காரும். பழைய பதிப்பை மீட்க 30 நாள்தான் அவகாசம்.

மாதம் ஒரு முறை அந்த பேக்கப்பைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். இதைத்தான் பெரும்பாலான கடைகளில் விட்டுவிடுகிறார்கள். ‘ரெஸ்டோர்’ கொடுக்கும்போது புது ஃபோல்டரைக் காட்டுங்கள். தினசரி ஃபோல்டரையே காட்டினால் இன்றைய கணக்கின் மேல் பழைய கணக்கு ஏறிவிடும். பிறகு கடைசி பில் நம்பரும் கையிருப்பு ரொக்கமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

உள்ளே வந்த வழியையும் அடைக்க வேண்டும். புனலூர் தம்பி ரிமோட் டெஸ்க்டாப்பில் வருவதற்காக ரௌட்டரில் 3389 போர்ட்டைத் (வெளியில் இருந்து கம்ப்யூட்டருக்குள் வரும் வாசல்) திறந்து வைத்திருக்கிறீர்களா என்பதை முதலில் பாருங்கள். திறந்த அந்த போர்ட்டைத் தேடிப் பிடித்து, பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும் புரோகிராம்கள் ஓயாமல் ஓடுகின்றன. மூடிவிடுங்கள். அவர் வேலை செய்யும் நேரத்தில் மட்டும், நீங்கள் ‘அக்செப்ட்’ அழுத்தினால்தான் திறக்கிற ரிமோட் ஆப் போதும். பில் போடுபவருக்கு அட்மின் உரிமை இல்லாத தனி யூசர் கொடுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. உங்களுடையது எது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வண்டன்மேட்டில் இருந்து சரக்கு தருபவரின் ஈமெயிலில் ‘வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்’ என்று வந்திருக்கிறது. பழைய பில்களும் இணைப்பில் இருக்கின்றன. நம்பலாமா?
– ஏலக்காய் வியாபாரி, போடி

பதில்: பழைய பில் இணைப்பில் இருப்பதே நம்ப ஒரு காரணம் ஆகாது. அவருடைய மெயில் பெட்டிக்குள் யாராவது புகுந்திருந்தால் பில்லும் அவர்கள் கையில்தான். மெயிலில் உள்ள நம்பரை விட்டுவிட்டு, உங்கள் போனில் ஏற்கெனவே இருக்கும் நம்பரில் கூப்பிட்டு, அவர் குரலில் கேளுங்கள். இரண்டு நிமிட வேலை. அவரும் தவறாக நினைக்க மாட்டார். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் அனுப்பும் முன் கணக்கில் உள்ள பெயரைக் காட்டும் வசதி இப்போது வங்கிகளில் உண்டு. அதில் வரும் பெயர் பில்லில் உள்ள பெயரா என்றும் பாருங்கள். பணம் போய்விட்டதென்றால் அதே நிமிடம் வங்கிக்கும் 1930-க்கும் சொல்லுங்கள். பணம் வெளியே எடுக்கப்படும் முன்பு தெரிந்தால்தான் நிறுத்திவைக்க முடியும்.

கேள்வி: நகரிக்கும் புத்தூருக்கும் லோடு வண்டி ஓட்டுகிறோம். ‘உங்கள் வண்டிக்கு அபராதம்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே ஃபைல் வந்தது. டிரைவர் கடை போனில் அதை இன்ஸ்டால் செய்துவிட்டார்.
– வண்டி உரிமையாளர், திருத்தணி

பதில்: போனை உடனே ஏரோபிளேன் மோடில் போடுங்கள், வைஃபையும் அணைந்திருக்கட்டும். இவ்வகை ஆப் எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி வாங்கிக்கொண்டு ஓடிபியை வெளியே அனுப்பும். வேறு போனில் இருந்து வங்கியைக் கூப்பிட்டு யுபிஐ, நெட் பேங்கிங் இரண்டையும் நிறுத்தச் சொல்லுங்கள். செட்டிங்ஸில் ‘டிவைஸ் அட்மின்’ பட்டியலில் அந்த ஆப் இருந்தால் அங்கே டிக்கை எடுத்த பிறகே அன்இன்ஸ்டால் ஆகும். அதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். மறுபடி நெட்வொர்க் வந்ததும் ##002# டயல் செய்து, உங்களுக்கு வரும் அழைப்பை வேறு நம்பருக்குத் திருப்பும் கால் ஃபார்வர்டிங்கை ரத்து செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் ‘லிங்க்டு டிவைசஸ்’ பார்த்து, தெரியாததை வெளியேற்றுங்கள். பாஸ்வேர்டையும் யுபிஐ பின்னையும் போன் சுத்தமான பிறகே மாற்ற வேண்டும்.

அபராதம் உண்மையா என்பதை மத்திய அரசின் பரிவாஹன் இ-சலான் தளத்தில் வண்டி நம்பர் போட்டு நீங்களே பார்க்கலாம்.