பஜ்ஜிக் கடைக்கும் ரிஃபைனரிக்கும் நடுவே

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் சின்னதாக ஒரு நிட்டிங் யூனிட் வைத்திருக்கிறேன். போன மாதம் எங்கள் சங்கக் கூட்டத்தில் ஒரு பேச்சாளர் திருபாய் அம்பானியின் கதையைச் சொன்னார். கிராமத்து வாத்தியார் மகன், மலையடிவாரத்தில் பஜ்ஜி விற்றவர், அரேபியத் துறைமுகமான ஏடனில் பெட்ரோல் பங்க்கில் நின்றவர், கடைசியில் நாட்டின் மிகப் பெரிய தனியார் கம்பெனியை விட்டுச் சென்றவர். ஒரே கைத்தட்டல். கூட வந்திருந்த என் மகன் பி.காம். படிக்கிறான். வண்டியில் திரும்பும்போது, "சட்டத்தை வளைச்சுத்தான் இவர் முன்னுக்கு வந்தார்னு எங்க சார் சொன்னாருப்பா. ரெண்டுல எது உண்மை?" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. "அன்னிக்கு இருந்த சட்டமே திருட்டுச் சட்டம். அதை வளைச்சவன் எப்படித் திருடன் ஆவான்?" என்பது என் மச்சானின் கட்சி. நானும் ஒரு நெசவாளியின் மகன்தான். இல்லாத வீட்டில் பிறந்தவன் மேலே வந்தால் மட்டும் ஏன் இந்தக் கேள்வி எல்லாம் கேட்கிறார்கள் என்றும் தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கே.எஸ்., திருப்பூர்

அன்புள்ள கே.எஸ்.,

உங்கள் பேச்சாளர் தப்பாக எதுவும் சொல்லிவிடவில்லை. 1932இல் குஜராத்தின் சோர்வாட் கிராமத்தில் பிறந்தவர் திருபாய். அப்பா ஹீராசந்த் பள்ளி ஆசிரியர். வீட்டில் வாய்கள் அதிகம், வருமானம் குறைவு. கிர்நார் மலைக்கு வரும் யாத்ரீகர்களுக்குப் பையன் பஜ்ஜி விற்றான் என்பதை அந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதிய பலரும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் இந்த மாதிரிப் பேச்சாளர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பஜ்ஜிச் சட்டியிலிருந்து ஒரே தாவலாக அவருடைய ஜாம்நகர் எண்ணெய் ரிஃபைனரிக்குப் போய்விடுவார்கள். நடுவில் ஐம்பது வருஷம் இருக்கிறது. உங்கள் மகனின் கேள்விக்குப் பதில் அங்கேதான் கிடக்கிறது. சொல்லப்போனால், அந்த நடுப்பகுதி என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகப் புரியும்.

முதலில் அந்த ஏழ்மையைப் பற்றி. ஏழ்மை உண்மைதான். ஆனால் அது ஆள்துணை இல்லாத ஏழ்மை இல்லை. சோர்வாட் இருக்கும் கத்தியவார் கரையிலிருந்து வணிகச் சாதிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக ஏடனுக்கும் ஆப்பிரிக்கக் கரைக்கும் கப்பலேறியவர்கள். திருபாய்க்கு முன்னாலேயே அண்ணன் ரம்ணிக்லால் ஏடனில் இருந்தார். பதினாறு பதினேழு வயதில் போய் இறங்கிய தம்பிக்கு ஏ.பெஸ் என்ற பிரெஞ்சு வியாபாரியின் கம்பெனியில் வேலை கிடைத்தது. அந்தக் கம்பெனி ஷெல் எண்ணெய்க்கு விநியோகஸ்தர், பெட்ரோல் பங்க் கதை அங்கிருந்து வருகிறது. (ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கல்லூரியையே தொடங்கிவைத்தது இந்த பெஸ் கொடுத்த பணம். ஏடனில் சம்பாதித்தவர்கள் ஒருவர் இருவர் இல்லை.) சோர்வாடிலேயே இன்னொரு ஏழை இருந்திருப்பான், அண்ணனும் கிடையாது, கப்பலும் கிடையாது. அவனைப் பற்றி எந்தச் சங்கத்திலும் பேச மாட்டார்கள்.

ஏடனில் நடந்ததாக ஒரு கதை உண்டு. ஏமன் நாட்டு வெள்ளி ரியாலில் இருந்த வெள்ளியின் விலை, சந்தையில் அந்த நாணயத்தின் மதிப்பைவிட அதிகம். இருபது சொச்சம் வயசுப் பையன் நாணயங்களை வாங்கி, உருக்கி, வெள்ளிக் கட்டியாக விற்றான். கொஞ்ச நாளில் கடைவீதியில் ரியாலுக்கே தட்டுப்பாடு வந்துவிட்டது என்பார்கள். மிகைப்படுத்தல் கலந்திருக்கலாம். ஆனாலும் பின்னால் செய்த பாதி வேலைகளின் சாயல் இந்த ஒரு கதையிலேயே தெரிகிறது. ஒரு பொருளுக்கு அரசாங்கம் ஒரு விலை வைத்திருக்கிறது, சந்தை வேறு விலை வைத்திருக்கிறது. அந்த இடைவெளியில் போய் நிற்பது.

1958 வாக்கில் பம்பாய். மஸ்ஜித் பந்தரில் முந்நூற்றைம்பது சதுர அடி அறை, ஒரு மேசை, மூன்று நாற்காலி, ஒரு டெலிபோன். கூட்டாளி உறவினர் சம்பக்லால் தமானி. குடியிருப்பு புலேஷ்வரில் ஒரு ஒண்டுக்குடித்தனக் கட்டடத்தில். முதலில் இஞ்சி, ஏலக்காய், மஞ்சள் என்று ஏடன் பக்கம் அனுப்பினார். அப்புறம் நூல் வியாபாரம். கூட்டாளிக்கு நூலை வாங்கிக் குவித்து வைத்தால் தூக்கம் வராது, இவருக்குக் குவித்து வைக்காவிட்டால் தூக்கம் வராது. 1965இல் பிரிந்தார்கள். அடுத்த வருஷம் அகமதாபாத் பக்கம் நரோடாவில் மில். அண்ணன் மகன் பெயர் விமல், அதுவே பிராண்டின் பெயரும் ஆனது. 'ஒன்லி விமல்' விளம்பரம் உங்கள் அப்பாவுக்கு நினைவிருக்கும்.

இந்த இடத்தில்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அறுபதுகளில் நைலான் நூலையும் பாலியஸ்டர் நூலையும் நினைத்தபடி இறக்குமதி செய்ய முடியாது, லைசென்ஸ் வேண்டும். துணி ஏற்றுமதி செய்தவனுக்கு, அந்த ஏற்றுமதிக்கு ஈடாக இவ்வளவு நூல் கொண்டுவரலாம் என்று ஒரு உரிமை கொடுத்தார்கள். வெளிநாட்டில் சல்லிசாகக் கிடைத்த நூல் பம்பாய்ச் சந்தையில் பல மடங்கு விலைக்குப் போனது. ஆகவே துணியை நஷ்டத்துக்கு அனுப்பினாலும் கவலையில்லை. துணியில் போனது நூலில் வட்டியோடு திரும்பி வந்துவிடும். வெளியே பார்த்தால் ஜவுளி ஏற்றுமதி, உள்ளே நடந்தது லைசென்ஸ் வியாபாரம். திருப்பூர்க்காரருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. 2004 வரைக்கும் உங்கள் ஊரில் கோட்டா இருந்தது, இவ்வளவுதான் ஏற்றுமதி செய்யலாம் என்ற அளவு உரிமை. ஒரு மெஷின்கூட இல்லாமல், கையில் கோட்டாவை மட்டும் வைத்துக்கொண்டு அதை விற்றே சாப்பிட்டவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இது குற்றமா? இல்லை. அரசாங்கமே எழுதிக் கொடுத்த திட்டம். எல்லா வியாபாரிகளும் செய்தார்கள், இவர் எல்லோரையும்விடப் பெரிதாகச் செய்தார். இந்த வரைக்கும் உங்கள் மச்சான் சொல்வதை நான் ஒப்புக்கொள்கிறேன். பழைய மில் முதலாளிகளிடம் தாத்தா காலத்து லைசென்ஸ்கள் இருந்தன, இவரிடம் இல்லை. கதவைத் திறக்காதவர்கள் வீட்டில் ஜன்னல் வழியாக நுழைந்தவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லைதான்.

உள்ளே போன பிறகு என்ன செய்தார் என்பதில்தான் மச்சானும் நானும் பிரிகிறோம். பாதாளகங்காவில் இவருடைய பாலியஸ்டர் நூல் ஆலை ஓட ஆரம்பித்தது 1982இல். அந்த வருஷக் கடைசியில்தான் இறக்குமதி நூல்மீது கூடுதல் வரியும் விழுந்தது. நேற்றுவரை இறக்குமதி நூலில் சம்பாதித்தவர் இன்றைக்கு உற்பத்தியாளர். இறக்குமதி நூலை நம்பி விசைத்தறி ஓட்டிய சூரத் நெசவாளிக்கு அந்த வரி எப்படி இருந்திருக்கும் என்பது ஒரு நெசவாளி மகனுக்குத் தெரியும். வேலியே அநியாயம் என்று தாண்டியவர், உள்ளே போனதும் வேலியின் உயரம் கூடுவதில் லாபம் பார்த்தார். கெட்ட சட்டத்தை மீறினார் என்ற வாதம் அதோடு முடிந்துவிடுகிறது.

1985 மே மாதக் கதை இன்னும் பிரசித்தம். பாலியஸ்டர் செய்ய முக்கிய மூலப்பொருளாக இரண்டு ரசாயனங்களில் ஒன்று வேண்டும், பி.டி.ஏ. அல்லது டி.எம்.டி. இவருடைய ஆலைக்கு பி.டி.ஏ. வேண்டும். போட்டியாளர் நுஸ்லி வாடியாவின் பாம்பே டையிங் உள்நாட்டிலேயே டி.எம்.டி. செய்தது. வி.பி.சிங் நிதியமைச்சர். பி.டி.ஏ.வை யாரும் தாராளமாக இறக்குமதி செய்யலாம் என்ற பட்டியலிலிருந்து எடுத்துக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். அறிவிப்பு வருவதற்குச் சற்று முன்பு அவருடைய ரிலையன்ஸ் நூறு கோடி ரூபாய்க்கு மேல் பி.டி.ஏ. இறக்குமதிக்கு எல்.சி. (விற்பவருக்குப் பணம் வந்து சேரும் என்று பாங்க் தரும் உத்தரவாதம்) திறந்து முடித்திருந்தது! ஜோசியமா, தகவலா என்று அன்றைக்கு எல்லோரும் கேட்டார்கள். வியாபாரத்தில் அரசாங்கத்தைக் கவனிப்பதுதான் முக்கியம், அதற்காக யாருக்கு வேண்டுமானாலும் சலாம் போடத் தயார் என்று பேட்டியிலேயே வெளிப்படையாகப் பேசியவர் அவர். எனக்கு அவரிடம் பிடித்த ஒரு விஷயம் இந்த ஒளிவுமறைவின்மை. மற்ற முதலாளிகளும் சலாம் போட்டார்கள், வெளியே தேசபக்தி பேசினார்கள்.

சட்டம், லைசென்ஸ் எல்லாம் இருக்கட்டும். அவர் செய்த உண்மையான புதுமை வேறு. மில் வைக்க முதலாளிகள் பாங்குக்கு ஓடிய காலத்தில் இவர் ஜனங்களிடம் போனார். 1977இல் முதல் பங்கு வெளியீட்டிலேயே 58,000 பேர் பணம் போட்டார்கள். அப்புறம் வரிசையாக டிபென்ச்சர்கள். இன்றைக்குக் கடனாகக் கொடு, நாளைக்குப் பங்காக மாற்றித் தருகிறேன் என்பது கணக்கு. 1982இல் பங்கின் விலையை அடித்து இறக்கலாம் என்று கல்கத்தா தரகர் கூட்டம் ஒன்று கையில் இல்லாத பங்குகளை விற்றுத் தள்ளியது. திருபாயின் ஆட்கள் அத்தனையையும் வாங்கிக்கொண்டு, 'சரி, பங்கைக் கொடு' என்று வந்து நின்றார்கள். கொடுக்கப் பங்கு இல்லை. பம்பாய்ப் பங்குச்சந்தை மூன்று நாள் இழுத்து மூடப்பட்டது. எங்கிருந்து வந்தது அவ்வளவு பணம் என்று நோண்டியபோது, வெளிநாட்டில் பதிவான 11 கம்பெனிகள் ரிலையன்ஸ் பங்கில் 22 கோடிக்கு மேல் போட்டிருந்தது நாடாளுமன்றத்திலேயே வெளியானது. அவற்றில் சிலவற்றின் பெயர்கள்: குரோக்கடைல், லோட்டா, ஃபியாஸ்கோ. பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்ச்சி இருந்திருக்கிறது.

ஆனால் அந்தச் சண்டைக்குப் பிறகு சின்ன முதலீட்டாளர்கள் மனசில் அவர் குலதெய்வம் ஆகிவிட்டார். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, வீட்டிலேயே பார்த்தேன்.

என் தாய்மாமா தேவகோட்டையில் டிராயிங் மாஸ்டர். டீக்கடையில் கிடைத்த விண்ணப்பப் படிவத்தைப் பூர்த்தி செய்து ரிலையன்ஸ் டிபென்ச்சர் வாங்கியவர். மதுரைத் தரகர் ஒருவருக்குத் துணைத்தரகராக ஊரில் ஒரு ஜவுளிக்கடைக் கணக்கர் இருந்தார், அவர்தான் ஆரம்பித்துவைத்தது. அலாட்மென்ட் கடிதம் வந்த அன்றைக்கு மாமா அதைச் சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தார். வருஷா வருஷம் கம்பெனியிலிருந்து வழவழப்பான தாளில் ஆண்டறிக்கை வரும். அதைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போவார். ஒன்பதாம் வகுப்புக்கு 'ஒரு தொழிற்சாலை' என்று ஓவியம் வரையச் சொல்லி, பாதாளகங்கா ஆலையின் கலர்ப் படத்தைக் கரும்பலகையில் ஊசி குத்தி மாட்டுவார். அந்த ஊர்ப் பையன்கள் பக்கத்துச் சர்க்கரை ஆலையைக்கூடப் பார்த்திராதவர்கள். அந்தக் கோபுரங்களையும் குழாய்களையும் மட்டும் மனப்பாடமாக வரைவார்கள்.

1986இல் இந்தியன் எக்ஸ்பிரஸில் குருமூர்த்தியின் கட்டுரைகள் வரத் தொடங்கின. மெட்ராஸ் ஆடிட்டர், எக்ஸ்பிரஸ் முதலாளி ராம்நாத் கோயங்காவுக்கு வேண்டியவர். லைசென்ஸுக்கு மேல் ஆலைத்திறன், வெளிநாட்டுக் கம்பெனிகள், டிபென்ச்சரைப் பங்காக மாற்ற அனுமதி என்று ஒவ்வொன்றாக எழுதினார். அடுத்த வருஷம் மார்ச்சில் அரசாங்க ரகசியச் சட்டத்தில் அவரையே கைது செய்தார்கள். மாமா இருபது வருஷமாக மதுரைப் பதிப்பு எக்ஸ்பிரஸ் வாசகர். ஆங்கிலம் கற்றுக்கொண்டதே அந்தப் பேப்பரில்தான். கட்டுரைகளை ஒரு வரி விடாமல் படித்தார். மறுக்கவும் இல்லை. ஒருநாள் காலை பேப்பர் பையனிடம், "நாளையிலேர்ந்து எக்ஸ்பிரஸ் வேண்டாம், ஹிண்டு போடு" என்றார். அவ்வளவுதான்.

"ஏன் மாமா, அவன் எழுதுறது பொய்யா?" என்று கேட்டேன். பதினேழு வயசு, எனக்கு அப்போது பேச்சு ஜாஸ்தி.

"பொய்னு யாருடா சொன்னா? நம்ம கம்பெனியப் பத்தி நம்ம வீட்டு வாசல்லயே வந்து எழுதிப் போடுறான். காசு வேற குடுக்கணுமா?" என்றார்.

நம்ம கம்பெனி. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அந்தச் சொல்லை விட்டு என்னால் நகர முடியவில்லை. உங்கள் மகனின் ஆசிரியர் சட்டப் புத்தகத்தை வைத்துப் பேசுகிறார், பேச்சாளர் பஜ்ஜிச் சட்டியை வைத்துப் பேசுகிறார். திருபாயின் கெட்டிக்காரத்தனம் இரண்டிலும் அடங்கவில்லை. தான் அடைந்ததில் ஒரு சின்னத் துணுக்கை லட்சக்கணக்கான வீடுகளில் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டார். அதற்கப்புறம் அவரைக் கேள்வி கேட்பது அந்த வீடுகளைக் கேட்பதாக ஆகிவிட்டது. பழைய முதலாளிகள் மந்திரிகளை மட்டும் கையில் வைத்திருந்தார்கள். இவர் கையில் டிராயிங் மாஸ்டர்களும் இருந்தார்கள். பங்குதாரர் கூட்டத்துக்கு மண்டபம் கொள்ளாமல் பம்பாயில் மைதானத்தில் பந்தல் போட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏழையாகப் பிறந்தவனை மட்டும் ஏன் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வருத்தம் எனக்கும் புரிகிறது. பரம்பரைப் பணக்காரர்களின் முதல் தலைமுறையை யாரும் தோண்டுவதில்லை. அதற்கு மருந்து, அவர்களையும் தோண்டுவது. இவரை விட்டுவிடுவது இல்லை. பி.டி.ஏ.வுக்கு எல்.சி. திறந்த அன்றைக்கு அவர் சோர்வாட் பையனாக இருக்கவில்லை. சூரத் தறிக்காரன்தான் அன்றைக்கும் ஏழை.

2002 ஜூலை 6ஆம் தேதி திருபாய் இறந்தார். 2016இல் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். இரண்டையும் பார்க்க மாமா இல்லை.

உங்கள் மகன் என்னிடம் நேரில் கேட்டிருந்தால் நான் கொஞ்சம் திணறித்தான் போயிருப்பேன், காரணம் இதுதான். 1987 ஜூனில் எனக்கு மதுரையில் கல்லூரியில் இடம் கிடைத்தது. அப்பாவிடம் பணம் இல்லை. மாமா பெட்டியைத் திறந்து பத்திரங்களை எடுத்தார், மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார். டவுன்ஹால் ரோட்டில் தரகர் ஆபீஸில் நாற்பது பங்குகளை விற்றார். கல்லூரி கவுண்ட்டரில் நோட்டுகளை இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தார். ரசீதை வாங்கி மடித்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டு, எதிரே ஒரு கடையில் எனக்கு மட்டும் பூரி வாங்கிக் கொடுத்தார். தனக்கு ஒரு காபி போதும் என்றார்.